விழுப்புண்

போரில் முகத்திலும் மார்பிலும் ஏற்ற புண். இதிலுள்ள ‘விழு’வைக் கீழே விழுவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ‘சிறந்த’ என்று பொருள்தரும் உரிச்சொல் அது. விழுப்பொருள், விழுமியம் ஆகியவற்றில் இருப்பதும் இதுவே. இதன் உறவான ‘விழும’த்துக்குத் தொல்காப்பிய உரியியல் சீர்மை, சிறப்பு என்பவற்றோடு இடும்பை என்றும் பொருள் சொல்கிறது. மேன்மையும் துன்பமும் ஒரே சொல்லில் தங்கியிருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம், விழுப்புண் படாத நாளை வீணான நாள் என்கிறது. எதிர்ச்சொல் புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனின் வேல் மார்பைத் துளைத்து முதுகு வழியே வெளிவர, அந்த முதுகுப் புண்ணுக்கு நாணிச் சேரமான் பெருஞ்சேரலாதன் உண்ணாமல் வடக்கிருந்து உயிர்விட்டான். புண் எந்தப் பக்கம் என்பது அவ்வளவு பெரிய செய்தி.

இன்று ஜல்லிக்கட்டு வாடிவாசலில் காளையின் திமிலை அணைத்தபடி கொம்புக் குத்து வாங்குகிற இளைஞனுக்கு இச்சொல் பொருந்தும். கொம்பு எங்கே திரும்பும் என்று தெரிந்துதான் அவன் இறங்குகிறான். செலவை மிச்சம்பிடிக்கப் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றிவிட்ட பவர் பிரஸ்ஸில் விரலை இழக்கும் தொழிலாளிக்கு இதைச் சூட்டவே கூடாது. அவர் எதையும் ஏற்றுக்கொண்டு நிற்கவில்லை. வேறொருவர் எடுத்த முடிவு அவர் கையில் இறங்கியது. அதற்குப் பெயர் காயம், அதற்கு உரியது இழப்பீடு.