அந்த அறையில் இல்லாத வெளியாள்

1966 ஜூன் 20. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், நேஷனல் விமன்ஸ் மருத்துவமனையின் மூத்த மருத்துவர்கள் கூடி ஓர் ஆய்வுக்கு அனுமதி கொடுத்தார்கள். கேட்டவர் ஹெர்பர்ட் கிரீன். அதே வளாகத்தில் இயங்கிய பல்கலைக்கழக மகப்பேறு மருத்துவப் பிரிவின் இணைப் பேராசிரியர். கருப்பைவாயின் மேல்தோலோடு நிற்கும் புற்று, உள்ளே ஊடுருவும் புற்றாக மாறாது என்று உறுதியாக நம்பியவர். அதை நிரூபிக்க, வழக்கமான முழுச் சிகிச்சை தராமல் பெண்கள் சிலரைக் கவனித்துக்கொண்டே இருப்பது என்று திட்டம். அனுமதித்தவர்கள் அத்தனை பேரும் அவருடைய சக மருத்துவர்கள். வெளியாள் ஒருவர்கூட இல்லை. ஆய்வில் இருக்கிறோம் என்பதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. வரச்சொன்ன தேதிக்கு வந்தார்கள், கருப்பைவாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். வருடக்கணக்கில்.

உள்ளேயே இரண்டு பேர் எதிர்த்தார்கள். கருவி வழியே கருப்பைவாயைப் பார்த்துவந்த பில் மெக்இண்டோ, திசுக்களைப் பரிசோதித்த ஜாக் மெக்லீன். நிர்வாகத்துக்கு எழுதினார்கள். 1975-ல் விசாரித்தவர்களும் அதே மருத்துவமனையின் மருத்துவர்கள்தான். ஆய்வை அவர்கள் குறை சொல்லவில்லை. கடைசியில் இருவரும் வேறு இருவரோடு சேர்ந்து 1984-ல் எண்களை அச்சிலேற்றினார்கள். ஸ்மியர் இயல்புக்குத் திரும்பிய 817 பெண்களில் 12 பேருக்கு ஊடுருவும் புற்று வந்திருந்தது. திரும்பாத 131 பேரில் 29 பேருக்கு. நூற்றுக்கு ஒன்றரை எங்கே, இருபத்திரண்டு எங்கே! நான் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவள். இந்த விகிதத்தைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. மருத்துவர் அல்லாத ஒருவரை அத்தனை வருடமும் அந்த அறைக்குள் விடவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

1987 ஜூனில் சாண்ட்ரா கோனி, ஃபிலிடா பங்கிள் என்ற இரு பெண்கள் 'மெட்ரோ' இதழில் எழுதிய பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. மெக்இண்டோ அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முந்தின வருடமே இறந்துபோயிருந்தார். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988 ஆகஸ்டில் அறிக்கை தந்தார். ஆய்வை அனுமதிக்கும் குழு மருத்துவமனையின் பிடியில் இருக்கக் கூடாது, மருத்துவர் அல்லாதவர்களும் அதில் உட்கார வேண்டும் என்றது அது.

நம் நாட்டுக் கதையும் வேறில்லை. 1976 முதல் 1988 வரை டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்திய ஆய்வில், கருப்பைவாய்ச் செல்கள் மாறத் தொடங்கியிருந்த 1,158 பெண்களைச் சிகிச்சையின்றிக் கவனித்தார்கள். சிலருக்குப் புற்று வந்தது. எழுத்தில் சம்மதம் வாங்கவில்லை. செய்தி வெளியே வந்தது 1997-ல். 2000-ல் ஐ.சி.எம்.ஆர். விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின் 2017 பதிப்பின்படி, ஆய்வை அனுமதிக்கும் எதிக்ஸ் கமிட்டியின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியேயிருந்து வர வேண்டும். பொதுநபர் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும்.

ஒரு மருத்துவக் கல்லூரியின் எதிக்ஸ் கமிட்டியில் அந்தப் பொதுநபர் நான். ஆய்வின் அறிவியல் பகுதியை மருத்துவர்கள் பேசட்டும் என்று விட்டுவிடுவேன். தமிழ்ச் சம்மதப் படிவத்தை மட்டும் வரி வரியாகப் படிப்பேன். "சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் உங்களுக்கு என்ன ஆகலாம்" என்பதற்கு அதில் பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போட மாட்டேன். திருத்தி எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்வேன்.