நீர்மூழ்கிக் கைக்கடிகாரச் சேகரிப்பு

மூச்சடக்கி முத்துக் குளித்தவருக்குக் கடிகாரம் வேண்டியிருக்கவில்லை. நெஞ்சு முட்டினால் கயிற்றை அசைப்பார், படகிலிருப்பவர் இழுத்துவிடுவார். 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் அக்வாலங் கருவியை உருவாக்கி, மனிதர் முதுகில் காற்றைச் சுமந்துகொண்டு இறங்கத் தொடங்கிய பிறகுதான் நிமிடக் கணக்கு உயிர்க்கணக்கானது.

பிரெஞ்சுப் படையின் முக்குளிப்பு அதிகாரிகள் மாலூபியே, ரிஃபோ இருவரின் தேவையையும் பிளாங்பேன் நிறுவனம் 1953-இல் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ கடிகாரத்தால் நிறைவேற்றியது. இருட்டிலும் தெரியும் தடித்த முள், இறங்கிய நேரத்தைக் குறித்துவைக்கத் திருப்பும் விளிம்பு வளையம் ஆகிய இரண்டும் இன்றுவரை மாறவில்லை. மறு ஆண்டு ரோலெக்ஸின் சப்மரைனர் பாசல் கண்காட்சிக்கு வந்தது. ஹீலியம் கலந்த அழுத்த அறைகளில் நாள்கணக்கில் தங்கி வேலை செய்தவர்களுக்கு வேறொரு தொல்லை. நுண்ணிய ஹீலியம் கடிகாரத்துக்குள் புகுந்துகொள்ளும். அழுத்தத்தைக் குறைக்கும்போது வெளியேற வழியில்லாமல் கண்ணாடியைத் தெறிக்கவிடும். அந்த வாயு வெளியேற வால்வு வைத்துக் கொடுத்தது 1967-இல் வந்த ரோலெக்ஸின் சீ-டுவெல்லர். மார்சேயைச் சேர்ந்த கோமெக்ஸ் முக்குளிப்பு நிறுவனம் தன் ஆட்களுக்கு வேலைக்கருவியாகக் கொடுத்த ரோலெக்ஸ்கள் இன்று ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன.

இந்தியச் சேகரிப்பாளர் பலருக்கு அவை எட்டாக்கனி. இங்கே கைக்கு எட்டும் பெயர் பேவர் லூபா. 1737 வரை வேர் நீளும் இந்தச் சுவிஸ் நிறுவனம் 1860-களிலேயே பம்பாயில் கால் ஊன்றியது. சீ கிங், சீ சீஃப் என்று கடலைப் பெயரில் மட்டும் சுமந்த அதன் கடிகாரங்கள் இந்தியா முழுக்க விற்றன. குளிக்கும்போது அவற்றைக் கழற்றிவைப்பதே புத்திசாலித்தனம். உண்மையான முக்குளிப்பு மாடல்கள் 1960-களில் வந்த டீப் புளூவும் 1968-இன் பாத்தியும். ஆழத்தையே முள்ளால் காட்டிய முதல் கைக்கடிகாரம் பாத்தி. பின்மூடித் துளைகள் வழியே புகும் நீர் ஓர் உலோகச் சவ்வை அழுத்த, அந்த அசைவு முள்ளுக்குப் போகும்.



தமிழ்நாட்டுக்கும் பேவர் லூபாவில் ஒரு பங்கு உண்டு. டிட்கோவும் டாடாவும் 1984-இல் கூட்டாகத் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்த டைட்டன் 2011-இல் இந்தப் பெயரை வாங்கியது. 2018-இல் 120 மீட்டர் ஆழம் காட்டும் புதிய பாத்தியையும் இறக்கியது. வியாபாரம் எடுபடவில்லை, 2023-இல் பெயர் எத்தோஸ் நிறுவனத்திடம் கைமாறியது.

பழையதை வாங்குபவர் முதலில் பயப்பட வேண்டியது ‘மும்பை ஸ்பெஷல்’ சரக்குக்கு. டயலைச் சுரண்டிப் புது வண்ணம் பூசி, எழுத்தை மறுபடி அச்சிட்டிருப்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் ஒரே சீராக நிற்காது. ஒளிப்பூச்சும் காட்டிக்கொடுக்கும். அதில் சேர்த்த டிரிடியம் சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் பொருள்; 1960-களின் டயல் இரவில் பளிச்சென்று மின்னினால் பின்னாளில் யாரோ பூசியது. ரேடியம் பூசிய டயலில் ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு நிற்காது. அதைத் திறந்து சுரண்டுவது ஆபத்து. பாலீஷ் போட்டு விளிம்பு மழுங்கிய கேஸைவிடக் கீறல் விழுந்த கேஸுக்கே மதிப்பு அதிகம். பாத்தியை வாங்கினால் ஆழமுள் வேலை செய்கிறதா என்று வாளித் தண்ணீரில் முக்கிப் பார்க்கக் கூடாது: சவ்வில் விரிசல் விழுந்திருந்தால் தண்ணீர் நேரே மெஷினுக்குள் போய்விடும்.