லோயர், ஹையர், டி.டி.சி.

என் பாட்டு டீச்சரின் வீட்டுக் கூடத்தில், சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்ட மூன்று காகிதங்கள் தொங்கின. இந்திய இசையில் அரசுத் தொழில்நுட்பத் தேர்வு லோயர் கிரேடு, அதே தேர்வில் ஹையர் கிரேடு, அதற்குப் பிறகு தொழிலாசிரியர் சான்றிதழான டி.டி.சி. டீச்சரின் அத்தையும் அந்த வீட்டில்தான் இருந்தார். டீச்சருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அவர் பெயரில் சுவரில் எதுவும் இல்லை. பள்ளி விட்டு வந்து நாங்கள் சரளி வரிசை கத்திக்கொண்டிருக்கும்போது, "காந்தாரத்தை அசைக்காதேடி" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும் வரும்.

பாட்டுச் சொல்லித்தரத் தகுதி என்பதை யார், எப்போது, எதைக் கொண்டு அளக்கத் தொடங்கினார்கள்? பல வருடங்கள் கழித்து, கர்நாடக இசையில் பெண்கள் பற்றிப் படிக்கப் போனபோதுதான் இந்தக் கேள்வி எனக்கு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் இசையைத் தொழிலாகக் கொண்டிருந்த பெண்கள் பெரும்பாலும் தேவதாசி மரபுக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய வித்வான்கள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவார்கள். அந்த வீட்டில் தாயிடமிருந்து மகளுக்கும் பேத்திக்கும் பதங்களும் ஜாவளிகளும் போய்ச் சேர்ந்தன. அங்கேயும் தேர்வு இருந்தது. பாட்டியின் காதுதான் தேர்வு. தேறினவர்களுக்குக் காகிதம் கிடையாது, அடுத்த பாட்டு கிடைக்கும்.

1927இல் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண்ணான முத்துலட்சுமி ரெட்டி, கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அதே ஆண்டு டிசம்பரில், காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து அகில இந்திய இசை மாநாடு சென்னையில் நடந்தது. அதிலிருந்து மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. இந்த இரண்டையும் தனித்தனிப் புத்தகங்களில்தான் படித்திருக்கிறேன். ஒரே காலண்டரில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. இசையை அதுவரை வைத்திருந்த வீடுகள் மீது சந்தேகம் விழுந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இசைக்குப் புது வீடு கட்டப்பட்டுக்கொண்டிருந்தது.

புது வீட்டுக்கு வாசல் தேவர்வு. 1931இல் அகாடமி இசையாசிரியர்களுக்கான கல்லூரியைத் தொடங்கியது, டைகர் வரதாச்சாரியார் முதல்வர். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறை வந்தது. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. இரண்டே வருடத்தில், 1949இல், அரசே மத்திய கர்நாடக இசைக் கல்லூரியைத் திறந்தது, முசிறி சுப்பிரமணிய ஐயர் முதல்வர். ராணி மேரி கல்லூரியில் பெண்களுக்கு இசை கற்பித்த பி. சாம்பமூர்த்தி, தென்னிந்திய இசை பற்றி எழுதிய பாடநூல் வரிசை ஆறு பாகங்களாக விரிந்தது. இன்றைக்கும் தியரி தாள் எழுதுகிறவர்கள் அதன் நிழலில்தான் எழுதுகிறார்கள். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி சொல்வாள், அங்கே வட இலங்கை சங்கீத சபைத் தேர்வு என்றால் ஒவ்வொரு தரத்துக்கும் அறிமுறை, செய்முறை என்று இரண்டு பயம் என்று.

தியரி மேல் எனக்குப் பகை இல்லை. கடபயாதி சங்கியை படித்தபோது கொண்டாட்டமாகவே இருந்தது. மாயாமாளவகௌளை என்றால் மா ஐந்து, யா ஒன்று, திருப்பிப் போட்டால் பதினைந்தாவது மேளம். ஆனால் இந்தக் கணக்கு வடமொழி எழுத்து வரிசை மேல் கட்டியது. தமிழில் ஒரே ஒரு 'ப'தான் உண்டு, அங்கே நான்கு. வீட்டில் அந்த வரிசை புழங்கிய பிள்ளைக்கு இது விளையாட்டு, மற்றவளுக்கு நெட்டுரு. 72 மேளம், 35 தாளம், பத்து வகைக் கமகம் எல்லாம் எண்ணக் கூடியவை, அதனால் மார்க் போடக் கூடியவை. ஒரு பதத்தை இழுத்துப் பிடித்து, அவசரமே இல்லாமல், மூச்சு தெரியாமல் பாடுவதற்கு எத்தனை மார்க்?

எது சரியான ராக லட்சணம் என்று அகாடமியின் நிபுணர் குழு வருடாவருடம் கூடி விவாதித்தது. அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்க ஒரு பெண்ணை அழைக்க 1968 வரை ஆனது. அவர் எம்.எஸ். சுப்புலட்சுமி.

எதிர்க்கதையும் உண்டு. தனம்மாளின் பேத்தி டி. பிருந்தா மத்திய கர்நாடக இசைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அவர் கற்றது வீட்டிலும் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடமும். செம்மங்குடி போன்றவர்களே அவரிடம் பதம் பாடம் கேட்டார்கள். அந்த மரபின் சொத்து சான்றிதழ் கொடுக்கும் இடத்துக்குள் அவர் வழியாகவே நுழைந்தது. ஆனால் அப்படி வாசல் திறந்தது ஒரு பிருந்தாவுக்கு. தஞ்சாவூர்ப் பக்கம் ஊர் ஊராக இருந்த அத்தைகளுக்கு அல்ல.

காகிதம் வேறொரு வேலையும் செய்தது என்று நினைக்கிறேன். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பாட ஒரு பாட்டு வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க வருகிறவள் 'எந்த வீட்டுப் பெண்' என்ற கேள்வி வரக்கூடாது. சர்க்கார் முத்திரை அந்தக் கேள்வியை வாயிலேயே நிறுத்திவிடும்.

இதை டீச்சரிடம் ஒருமுறை சொன்னேன். அப்போது அவர் ஓய்வு பெற்றிருந்தார். பள்ளியில் தையல், ஓவியம், பாட்டு ஆசிரியர்களைச் 'சிறப்பாசிரியர்' என்பார்கள். பெயரில்தான் சிறப்பு. கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடிக்க நேரம் போதாவிட்டால் பாட்டுப் பீரியட் போகும். அதையெல்லாம் முப்பது வருடம் பார்த்தவர். என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீ எழுதுவே. உங்க மாமா போனப்போ எனக்கு முப்பத்தோரு வயசு, கையில ரெண்டு குழந்தை. அந்த மூணு காகிதம் இல்லேன்னா யார் வீட்டுத் திண்ணையில உக்காந்திருப்பேன், சொல்லு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. இன்றும் என்னிடம் பதில் இல்லை. என் அத்தனை ஆட்சேபங்களையும் அவருடைய பென்ஷன் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

ஆனால் வந்தவர்களிடம் அவர் அத்தையை அறிமுகப்படுத்திய விதம் இன்னும் உறுத்துகிறது. "அத்தைக்குக் கேள்வி ஞானம் நிறைய" என்பார். பன்னிரண்டு வருடம் தாயிடம் உட்கார்ந்து பாடம் செய்தவருக்குக் கேள்வி ஞானம்! எந்தத் தாயிடம், எந்த ஊரில் என்று யாரும் தொடர்ந்து கேட்டுவிடாதபடி அந்த ஒரு சொல் கதவைச் சாத்தியது.

லோயர் தேர்வுக்கு நான் தயாரான நோட்டு இப்போதும் இருக்கிறது. 'பதம்: சிறுகுறிப்பு வரைக.' ஐந்து மார்க். க்ஷேத்ரக்ஞர், முவ்வகோபால முத்திரை, விளம்ப காலம், நாயக நாயகி பாவம், ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடும் தத்துவம் என்று டீச்சர் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறேன். இவற்றை யார் பாடினார்கள், யார் ஆடினார்கள் என்று ஒரு வரி இல்லை.

அன்றைக்கு அதை உரக்கப் படித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அத்தை ஊஞ்சலில் இருந்தார். பரமாத்மா வந்ததும் சிரித்துவிட்டார். "பரமாத்மாகிட்டயா அவ கேக்கறா, நேத்து ராத்திரி எவ வீட்டுல இருந்தேன்னு?"

அடுப்படியிலிருந்து டீச்சர் வெளியே வந்தார். "சும்மா இருங்க அத்தை. அதை எழுதினா மார்க் வராது."

அத்தை சும்மா இருந்தார். நான் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.