முயலைத் துரத்திய மரியோ

கடந்த ஆண்டு ரொறன்ரோவில் அக்காவின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அக்காவின் மகன் நிலவறையிலிருந்து ஒரு பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். சிறுவயதில் விளையாடிய நின்டென்டோ 64 இயந்திரத்தை அவன் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான். மூன்று கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும் சாம்பல்நிறக் கைக்கருவியை என்னிடம் தந்து, "மாமா, ஒருக்கா விளையாடிப் பாருங்கோ" என்றான்.

மரியோ எனக்குப் புதியவன் அல்லன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இரவுப் பணி முடிந்து கொழும்பில் நண்பர் ஒருவரின் அறைக்குப் போகும் நாட்களில், சிறிய தொலைக்காட்சிப் பெட்டியில் அவனை ஓடவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறோம். அந்த மரியோவுக்கு ஒரே திசைதான், இடமிருந்து வலம். ஆனால் அன்று திரையில் கண்டது ஓர் அரண்மனைத் தோட்டம். மரங்கள், புல்வெளி, அகழி. எந்தப் பக்கம் போவது? குச்சியைத் தள்ளினேன். மரத்தில் மோதினான். மறுபடி தள்ளினேன். அகழிக்குள் விழுந்தான். மருமகன் சிரித்தபடி சொன்னான்: "வலப்பக்கம் எண்டு ஒண்டு இதில இல்லை மாமா."

அந்த ஒரு வசனம் ஊர் திரும்பிய பின்னரும் என்னை விடவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக ஒரே திசையில் ஓடிப் புகழ்பெற்ற ஒருவனிடமிருந்து அந்தத் திசையையே எடுத்துவிட்டால் அவனிடம் மிஞ்சுவது என்ன? அவனை உருவாக்கியவர்கள் இக்கேள்வியை எப்படி எதிர்கொண்டார்கள் என்று தேடிப் படித்தேன். விளையாட்டுச் சமாசாரம்தானே என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். தொழில் செய்து வாழும் எல்லோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது.

மரியோவின் தந்தை ஷிகேரு மியமோட்டோ. 1952இல் கியோட்டோவுக்கு அருகே பிறந்தவர். கனசவா கலைக் கல்லூரியில் கைத்தொழில் வடிவமைப்புப் பயின்றவர். 1889இல் பூச்சீட்டுகள் தயாரிக்கத் தொடங்கிய நின்டென்டோ நிறுவனத்தில் 1977இல் சேர்ந்தார். 1981இல் வெளிவந்த 'டொங்கி கொங்' விளையாட்டில், உருளும் பீப்பாய்களைத் தாண்டிக் குதிக்கும் தச்சனாக மரியோ முதன்முதலில் தோன்றினான். அன்றைய இயந்திரங்களில் ஓர் உருவத்தை வரைவதற்குக் கிடைத்த புள்ளிகள் மிகச் சொற்பம். தலைமுடியை வரைவது கடினமாக இருந்ததால் தொப்பி வந்தது. மூக்கைத் தெளிவாகக் காட்ட மீசை வந்தது. கைகளின் அசைவு தெரியவேண்டும் என்பதற்காக, சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் தொழிலாளியின் மேலங்கி வந்தது. இன்று உலகமே அறிந்த அந்த முகம் பற்றாக்குறையின் பிள்ளை.

1985 செப்டெம்பரில் 'சூப்பர் மரியோ பிரதேர்ஸ்' வெளிவந்தது. அந்த விளையாட்டு முழுவதும் 40 கிலோபைட் இடத்துக்குள் அடங்கியிருந்தது. அதன் சட்டங்கள் எளியவை. வலப்பக்கம் ஓடு; பள்ளத்தைத் தாண்டு; பகைவன் தலைமேல் குதி; நேரம் முடியுமுன் கொடிக்கம்பத்தைப் பிடி. திரை முன்னோக்கி நகர்ந்துவிட்டால் பின்னால் திரும்பிப் போகவும் முடியாது. பக்கவாட்டிலிருந்து பார்ப்பதனால் பள்ளத்தின் அகலம் கண்ணுக்கு அப்படியே தெரியும். எவ்வளவு தூரம் பாயவேண்டும் என்று விரல் தானாகவே கற்றுக்கொள்ளும். அந்தக் கண்ணுக்கும் விரலுக்கும் இடையிலான உடன்பாடுதான் விளையாட்டின் உயிர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அந்த உடன்பாட்டுக்கு ஆபத்து வந்தது. 1993இல், ஆர்கோனொட் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் இளம் நிரலாளர்களுடன் சேர்ந்து நின்டென்டோ 'ஸ்டார் பொக்ஸ்' என்ற முப்பரிமாண விண்வெளி விளையாட்டை வெளியிட்டது. மரியோவையும் இப்படியொரு வெளியில் உலவவிட்டால் என்ன என்ற எண்ணம் மியமோட்டோவுக்கு அக்காலத்திலேயே எழுந்தது. 1994இன் இறுதியில் சேகா நிறுவனத்தின் சட்டர்ன் இயந்திரமும் சொனியின் பிளேஸ்டேஷனும் ஜப்பானியச் சந்தைக்கு வந்தன. தட்டையான சித்திரங்களின் காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சு எங்கும் கேட்டது. பழைய வெற்றித் தொடர்கள் ஒவ்வொன்றும் மூன்றாவது பரிமாணத்துக்குத் தாவியாகவேண்டிய நிலை உருவானது.

தாவுவதில் பெரிய இடர் ஒன்று இருந்தது. பக்கவாட்டில் தெளிவாகத் தெரிந்த பள்ளத்தின் அகலம், முப்பரிமாண வெளியில் கண்ணை ஏமாற்றும். பகைவனின் தலைமேல் குதிப்பதாக நினைத்து அவன் பக்கத்தில் போய் விழுவோம். நடிகன் எப்பக்கமும் திரும்பலாம் என்றால், பார்ப்பவன் எங்கே நிற்பது என்ற புதிய சிக்கலும் எழும். தட்டை விளையாட்டுகளில் கமராவைப் பற்றி விளையாடுபவன் கவலைப்பட்டதில்லை. இப்போது ஒவ்வொரு கணமும் கவலைப்படவேண்டும்.

மியமோட்டோ குழுவினர் முதலில் சிந்தித்தது பாதுகாப்பான வழியை. நிலையான ஒரு பாதையில் மரியோ ஓட, சாய்வான கோணத்திலிருந்து நாம் பார்க்கலாம் என்பது அவர்களது தொடக்க யோசனை. பிறகு அதைக் கைவிட்டார்கள். அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்கு வியப்பைத் தந்தது. உலகத்தைக் கட்டுவதற்கு முன்னர், ஒரு வெற்றிடத்தில் மரியோவையும் ஒரு முயலையும் விட்டார்கள். அந்த முயலைத் துரத்திப் பிடிப்பது மட்டுமே வேலை. கதையில்லை, பகைவர் இல்லை, இலக்கும் இல்லை. ஓடும்போது, திரும்பும்போது, சறுக்கி நிற்கும்போது அந்த அசைவே இன்பமாக இருக்கிறதா என்று மாதக்கணக்கில் சோதித்தார்கள். இயந்திரத்தின் செயலியின் பெயரையே முயலுக்கும் சூட்டி, மிப்ஸ் என்று அழைத்தார்கள். வெளிவந்த விளையாட்டிலும் அந்த முயல் அரண்மனை நிலவறையில் ஓடித் திரிகிறது. பிடித்தவருக்கு ஒரு நட்சத்திரம் பரிசு.

அசைவுக்கு ஏற்ற கருவியும் வேண்டியிருந்தது. பழைய கைக்கருவியில் இருந்தவை திசைப் பொத்தான்கள். அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். நின்டென்டோ 64 கைக்கருவியின் நடுக்கொம்பில் ஒரு சிறு குச்சியை வைத்தார்கள். மெல்லச் சாய்த்தால் மரியோ பூனைபோல் நடப்பான். முழுதும் சாய்த்தால் பாய்ந்தோடுவான். தூங்கும் கடிசெடியின் அருகே ஓடிப்போனால் அது விழித்துக் கடிக்கும்; பெருவிரலை அடக்கி மெல்ல நகர்த்தினால் தப்பலாம்.

கமராவின் சிக்கலுக்கு அவர்கள் கண்ட தீர்வு இன்னும் சுவையானது. முந்திய விளையாட்டுகளில் மேகத்தின் மேலேறி வரும் லகிட்டு என்ற ஆமையின் கையில் தூண்டிலில் தொங்கும் கமராவைக் கொடுத்துவிட்டார்கள். மரியோவைப் பின்தொடர்ந்து படம்பிடிப்பவன் இவனே என்று தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்தினார்கள். அரண்மனைக்குள் ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் நுழைந்தால், மரியோவின் பின்னால் மேகத்தில் மிதக்கும் படப்பிடிப்பாளனும் கண்ணாடியில் தெரிவான். பார்ப்பவனுக்கும் விளையாட்டுக்குள் ஓர் உடல் உண்டு என்பதை ஒரு குழந்தைக்கும் புரியும்படி சொல்லிவிட்டார்கள்.

தூரத்தை அளக்கமுடியாத குறைக்கு மரியோவின் காலடியில் எப்போதும் ஒரு வட்ட நிழலை விழவைத்தார்கள். எங்கே இறங்கப்போகிறோம் என்பதை அது சொல்லும். தலைமேல் குதிப்பது கடினமானதால் குத்தும் உதையும் கொடுத்தார்கள். நேரக் கணக்கை நீக்கினார்கள். ஒரே தீண்டலில் உயிர்போகும் வழக்கத்துக்குப் பதிலாக எட்டுக் கூறுகள் கொண்ட உயிர்ச்சக்தியை வைத்தார்கள். கொடிக்கம்பம் போய், ஓவியங்களுக்குள் பாய்ந்து நட்சத்திரங்களைத் தேடும் 15 உலகங்கள் வந்தன. நான் மரத்தில் மோதிய அந்தத் தோட்டத்தில் ஒரு பகைவன்கூட இல்லை. வழிதெரியாதவர்கள் தடுமாறிப் பழகட்டும் என்றே அப்படி விட்டிருக்கிறார்கள்.

1996 ஜூன் 23ஆந் திகதி, புதிய இயந்திரத்துடன் 'சூப்பர் மரியோ 64' ஜப்பானில் வெளிவந்தது. குறைகளும் இருந்தன. சுவரோரம் போனால் கமரா சிக்கிக்கொள்ளும். முக்கியமான வேளையில் தவறான பக்கம் பார்க்கும். ஆனாலும் பின்னர் வந்த முப்பரிமாண விளையாட்டுகள் பலவும் இதனிடம்தான் நடைபழகின.

அதே ஆண்டு மற்றவர்களும் தாவினார்கள். 'கிராஷ் பண்டிகூட்' குழுவினர் பாதையை ஒடுக்கி, கமராவைப் பெரும்பாலும் பின்னால் நிறுத்தி, தமக்கென ஒரு கண்ணியமான தீர்வு கண்டார்கள். 'பப்ஸி 3டி' என்ற பூனை, ஒரு யுத்த டாங்கிபோல நின்று திரும்பி நகர்ந்து, கேலிக்கு ஆளானது.

மிகத் துயரமானது சோனிக்கின் கதை. 1991இல் பிறந்த அந்த நீலநிற முள்ளெலியின் புகழ் முழுவதும் அதன் வேகத்தில் இருந்தது. சேகாவின் கலிபோர்னியக் குழுவொன்று 'சோனிக் எக்ஸ்ட்ரீம்' என்ற விளையாட்டை உருவாக்க முனைந்தது. வேகமாக ஓடுபவனுக்கு முன்னால் வருவது நெடுந்தூரம் தெரியவேண்டுமே என்று, மீன்கண் வில்லை வழியாகப் பார்ப்பதுபோல் உலகத்தையே வளைத்துக் காட்டினார்கள். நல்ல சிந்தனை. ஆனால் அவர்கள் நின்ற நிலம் நகர்ந்துகொண்டே இருந்தது. மெகா டிரைவ் இயந்திரத்துக்கென்று தொடங்கிய வேலை, அதன் துணைக்கருவியான 32எக்ஸுக்கு மாறி, பிறகு சட்டர்னுக்கு மாறியது. குழு இரண்டாகப் பிரிந்தது. 1996 நத்தார் காலத்துக்கு முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், வேலைத்தளத்திலேயே தங்கி உழைத்த முதன்மை நிரலாளர் ஒருவர் நிமோனியாவில் விழுந்தார். வடிவமைப்பாளர் ஒருவரும் கடுமையாக நோயுற்றார். விளையாட்டு கைவிடப்பட்டது. 1998 டிசம்பரில் ட்ரீம்காஸ்ட் இயந்திரத்துக்கு 'சோனிக் அட்வென்சர்' வரும்வரை, சோனிக்குக்குத் தன் வேகத்துடன் முப்பரிமாணத்தில் ஓடக் களம் கிடைக்கவில்லை. 2001இல் சேகா இயந்திரத் தயாரிப்பையே நிறுத்திக்கொண்டது.

இதை வாசித்தபோது, நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த காலத்து அச்சுக்கோப்பாளர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஈய எழுத்துகளின் பெட்டியைப் பார்க்காமலே வேண்டிய எழுத்தை விரல்களால் எடுப்பவர்கள் அவர்கள். கணினி வந்தபோது சிலர் மாறினார்கள். பலர் வீட்டுக்குப் போனார்கள். போனவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். புதிய கருவியுடன் தடுமாறிப் பழகுவதற்கு ஒரு தோட்டத்தையும் சில மாதங்களையும் அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. மியமோட்டோவின் மேதைமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவருக்கு ஒரு வெற்று அறையும் ஒரு முயலும் போதிய அவகாசமும் கிடைத்தன. சோனிக் குழுவுக்குக் கிடைத்தவை நாட்குறிப்பும் நெருக்கடியும்.

வென்றவர்களின் வரலாற்றையும் அளவோடுதான் நம்பவேண்டும். 'சூப்பர் மரியோ 64' ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் பிரதிகள் விற்றது. எனினும் சந்தையை வென்றது பிளேஸ்டேஷன். அது 10 கோடிக்கு மேல் விற்க, நின்டென்டோ 64 ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சத்தில் நின்றுவிட்டது. இறுவட்டுக்கு மாறாமல் விலைகூடிய கார்ட்ரிட்ஜையே நின்டென்டோ பிடித்துக்கொண்டிருந்தது அதற்கொரு முக்கிய காரணம்.

இன்னொரு கணக்கு இதைவிடச் சுவையானது. காலம் முடிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட அந்தத் தட்டை மரியோ, 2006இல் 'நியூ சூப்பர் மரியோ பிரதேர்ஸ்' என்ற பெயரில் திரும்பி வந்தான். விற்பனை 3 கோடியைத் தாண்டியது. முப்பரிமாணப் பாய்ச்சலைவிட இரண்டு மடங்குக்கு மேல். 2017இல் 'சோனிக் மேனியா' என்ற தட்டை விளையாட்டை, சோனிக்கின் இரசிகர்களாக இருந்து படைப்பாளிகளானவர்கள் உருவாக்கிப் பாராட்டுப் பெற்றார்கள். தட்டை வடிவம் முப்பரிமாணத்தின் குழந்தைப் பருவமென்று நாம் எண்ணியது பிழை. அது தனக்கென இலக்கணம் உள்ள தனிக்கலை. புதியது வந்ததும் பழையதைப் புதைத்துவிடும் அவசரம் எமது தொழிலிலும் உண்டு. அதனால் எதை இழந்தோம் என்று பின்னர்தான் எண்ணிப் பார்க்கிறோம்.

அன்று மாலை மருமகனின் ஆறு வயது மகள் என் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். அவள் கையில் இருந்தது 2023இல் வெளிவந்த 'சூப்பர் மரியோ பிரதேர்ஸ் வொண்டர்'. மரியோ இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தான். எது முந்தியது, எது பிந்தியது என்ற கவலை அவளுக்கு இல்லை. இரண்டையும் அவள் விளையாடுகிறாள். "தாத்தா, நீங்க இதை விளையாடுங்கோ, இது உங்களுக்கு லேசு" என்று கருவியை என் மடியில் வைத்தாள்.

வாங்கி ஓடவிட்டேன். முதல் பள்ளம் வந்தது. முப்பது வருடங்களுக்கு மேலாகியும் என் பெருவிரல் தூரத்தை மறக்கவில்லை. தாண்டிவிட்டேன்.