எள்: திருநாள் உணவும் சொல் வரலாறும்

குளிர்காலத் திருநாளாகிய மகர சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. அன்று மராட்டியர் 'திள்கூள்' உருண்டையும் கன்னடர் 'எள்ளு பெல்லா'வும் பகிர்ந்துகொள்வர். பீகாரில் 'தில்குட்' உண்பர். மூன்றிற்கும் அடிப்படை எள்ளும் இனிப்புமே. அரப்பா அகழாய்வில் கிடைத்த கருகிய எள் இவ்வித்தின் தொன்மைக்குச் சான்றாகும்.

தின்பண்டத்தில் வெளிப்பட நிற்கும் எள் சொல்லில் மறைந்து நிற்கிறது. வடமொழியில் திலத்தினின்று தைலமும், தமிழில் எள், நெய் என்னும் இரு சொற்களின் புணர்ச்சியால் எண்ணெயும் பிறந்தன. பின்னர் இரண்டும் பொதுப்பெயர்களாக விரிந்தன. தேங்காயெண்ணெய் என்பதிலும் எள் உண்டு. எள்ளின் நெய்யைச் சுட்டவோ 'நல்லெண்ணெய்' என்னும் அடை வேண்டியதாயிற்று. ஆயுர்வேத நூல்களில் அடையின்றி வரும் தைலம் பெரும்பாலும் நல்லெண்ணெயே. அதனை வெறும் 'எண்ணெய்' எனப் பெயர்த்தால் மருந்தே மாறிவிடக்கூடும்.