பயணத் திட்டமும் சுரங்கக் கூலியும்

ஐரோப்பாவுக்குத் திட்டம் போடுகிறவர்கள் கோபுரத்தையும் அருங்காட்சியகத்தையும்தான் முதலில் குறிக்கிறார்கள். எந்த ஊரில் இறங்குவது, எதை விடுவது என்கிற தேர்விலேயே வர்க்கம் இருக்கிறது. பெரியாரின் பயணத்தை இந்த இடத்திலிருந்து வாசிக்க வேண்டும். 1931 டிசம்பரில் எஸ். ராமநாதன் முதலானோருடன் கப்பலேறியவர் எகிப்து, கிரீஸ், துருக்கி, சோவியத் ருஷ்யா, ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் என்று சுற்றிவிட்டு 1932 நவம்பரில் திரும்பினார். நடுவில், ஜூன் மாதம், இங்கிலாந்தின் மெக்ஸ்பரோவில் நிலக்கரித் தொழிலாளர் கூட்டம். தொழிற்கட்சித் தலைவர் லான்ஸ்பரி இருந்த மேடையிலேயே, இந்தியச் சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைக்கிற அற்பக் கூலியைச் சொல்லி அந்தக் கட்சியையே விமர்சித்தார். ஊர் திரும்பிய மறுமாதமே ஈரோட்டில் சமதர்மத் திட்டம் முன்வைக்கப்பட்டது. ஊர் சுத்திப் பார்த்தது வேலைத்திட்டமாக மாறியது இப்படித்தான்.

அன்று நெய்வேலியில் சுரங்கம் கிடையாது. 1956இல் நிறுவனம் வந்தது. பிறகு சோவியத் உதவியோடு அனல்மின் நிலையம். அவர் தேடிப்போய்ப் பார்த்த ருஷ்யா எந்திரமாக இங்கே வந்து இறங்கியது. எந்திரம் வந்தது சரி, சமதர்மம் வந்ததா? நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்கிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறொன்று. நிலத்தைக் கொடுத்த ஊர்க்காரன் வேலை கேட்டு இன்னும் வாசலில் நிக்கிறான். பெரியாரின் பயணத்தைக் கொண்டாடுகிறவர்கள் மெக்ஸ்பரோ பேச்சை இந்த வாசலில் வைத்துப் படிக்கட்டும்.