உடம்பு சொந்தம், கியர்பாக்ஸ் இரவல் - ஒரு வோல்வோ கதை

போன சனிக்கிழமை காலைல, தூக்கம் கூட முழுசா கலையல, போன். டெக்ஸாஸ்ல இருக்கிற அண்ணன் ஒருத்தர், முன்னாடி ஒரே டீம்ல வேலை பார்த்தவர். "தம்பி, பழைய வோல்வோ எக்ஸ்சி90 ஒண்ணு வருது. 2004 மாடல், மூணு வரிசை சீட், உள்ள எல்லாம் தோல். விலை ரொம்ப கம்மி. வாங்கலாமா?" ரெண்டு பசங்க, மதுரைலேர்ந்து அப்பா அம்மா ஆறு மாசத்துக்கு வர்றாங்க. அவருக்கு ஏழு சீட் வேணும், கையில காசு கம்மி.

'சாயங்காலம் சொல்றேன்'னுட்டு படிக்க உட்கார்ந்தேன். கார் விமர்சனம் படிக்கப் போய் சரித்திரத்துல மாட்டிக்கிட்டேன். (எனக்கு எப்பவும் இதே கதிதான்.)

கதை 1999-ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் ஃபோர்டு கம்பெனி, வோல்வோவின் கார் பிரிவை 645 கோடி டாலருக்கு வாங்கியது. அமெரிக்காவில் எல்லாரும் எஸ்யூவி பைத்தியமா திரிஞ்ச காலம். மெர்சிடிஸ் 1997-ல எம்எல், பிஎம்டபிள்யூ 1999-ல எக்ஸ்5-னு இறக்கிட்டாங்க. 2000-ல ஹோண்டாவின் அக்யூரா எம்டிஎக்ஸ், மூணாவது வரிசையோடவே வந்தது. ஸ்டேஷன் வேகன் செஞ்சு பேர் வாங்கின வோல்வோகிட்ட மட்டும் ஒண்ணும் இல்லை.

2000 ஆகஸ்ட்ல ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. டயர் பிஞ்சு, வண்டி உருண்டு, இருநூறு பேருக்கு மேல செத்துப்போனாங்க. பெரும்பாலும் உருண்டது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். தப்பு டயர்லயா வண்டியிலயான்னு ரெண்டு கம்பெனியும் அடிச்சுக்கிட்டு, 2001 மே மாதம் கிட்டத்தட்ட நூறு வருஷ உறவையே முறிச்சுக்கிட்டாங்க.

அதே ஃபோர்டு குடையின் கீழ, ஸ்வீடன்ல கோதன்பர்க் பக்கத்துல, 'உயரமான வண்டி ஏன் உருளணும்?'னு ஒரு கூட்டம் யோசிச்சிட்டிருந்தது. 2002 ஜனவரியில டெட்ராய்ட் கண்காட்சியில எக்ஸ்சி90 வெளிவந்தது. உள்ள ஒரு ஜைரோ சென்சார். வண்டி சாயுற வேகத்தையும் கோணத்தையும் அளந்து, உருளப் போகுதுன்னு தெரிஞ்சா எஞ்சின் சக்தியைக் குறைச்சு, சக்கரத்தைப் பிரேக் போட்டு நிமிர்த்தும். அப்படியும் உருண்டா கூரை நசுங்காம இருக்க, சாதா எஃகைவிட நாலஞ்சு மடங்கு பலமான போரான் எஃகு. பக்கவாட்டு காற்றுத்திரை மூணு வரிசைக்கும் உண்டு. கடைசி சீட்ல உட்கார்றதும் பிள்ளைங்கதானே.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொண்ணு. முன் பம்பருக்குக் கீழ, சின்ன காரோட பம்பர் உயரத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம் வச்சாங்க. மோதினா எதிர்ல இருக்கிற சின்ன வண்டிக்காரன் மேல ஏறிடக் கூடாதுன்னு! நடு வரிசையின் நடு சீட் முன்னால நகர்ந்து வரும், அதுக்குள்ளேயே குழந்தைக்கான உயரப் பலகை. அம்மா கையெட்டும் தூரத்துல குழந்தை.

இதெல்லாம் வெறும் விளம்பரம் இல்லை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஐஐஎச்எஸ் அமைப்பு, 2012-ல ஒரு புது மோதல் சோதனையைக் கொண்டு வந்தது. வண்டியின் முன் மூலை மட்டும் இடிக்கும். புத்தம் புது கார்களே தடுமாறின. அடிப்படைக் கட்டமைப்பு மாறாத இந்தப் பழைய எக்ஸ்சி90 நல்ல மதிப்பெண்ணோட பாஸ். அதே அமைப்பு 2015-ல வெளியிட்ட கணக்குல, ஓட்டுனர் இறப்பு பூஜ்யம்னு வந்த ஒன்பது வண்டிகள்ல இதுவும் ஒண்ணு.

சரி, அப்புறம் என்ன, வாங்கிட வேண்டியதுதானே? அங்கதான் கியர்பாக்ஸ் வருது.

டி6 மாடல்ல 2.9 லிட்டர், ரெட்டை டர்போ, ஆறு சிலிண்டர் எஞ்சின். அந்த ஆறு சிலிண்டரையும் வரிசையா, வண்டிக்குக் குறுக்கா படுக்க வச்சிருக்காங்க. மிச்ச இடத்துல கியர்பாக்ஸுக்கு எவ்வளவு கிடைக்கும்? குட்டையா ஒண்ணு வேணும். ஜெனரல் மோட்டார்ஸ்கிட்ட ஒரு நாலு கியர் ஆட்டோமேடிக் இருந்தது, அது எஸ்80 காருக்கு ஏற்கெனவே போயிட்டிருந்தது. எடுத்து இதுலயும் மாட்டிட்டாங்க. ஆனா எஸ்80-யைவிட இது பல நூறு கிலோ அதிகம், ரெண்டு டன்னுக்கு மேல. பாவம், அது என்ன செய்யும்? நிறைய டி6 வண்டிகள்ல கியர்பாக்ஸ் கைவிட்டது. புதுசு மாத்துற செலவு இன்னிக்கு வண்டி விலையையே தாண்டிடும். அதான் விலை கம்மி.

அதே வருஷத்து 2.5டி-யில அஞ்சு சிலிண்டர், ஜப்பான்காரங்க ஐசின் கியர்பாக்ஸ், அஞ்சு கியர். இழுவை கம்மி, ஆனா கொஞ்சம் நிம்மதி. 2005 மாடல்ல வந்த வி8 எஞ்சின் யமஹா செஞ்சு கொடுத்தது. கேட்க சுகம், ஆனா முதல் வருஷத்து எஞ்சின்கள்ல பேலன்ஸ் ஷாஃப்ட் பேரிங் தகராறு உண்டு. 2007-ல 3.2 வந்தது. எதுவானாலும் முன் பக்கத்துலேர்ந்து பின் சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போற ஆங்கிள் கியரைப் பார்க்கணும், அதுல இருக்கிற பல் வச்ச ஸ்லீவ் தேஞ்சு போச்சுன்னா ஆல் வீல் டிரைவ் வெறும் பேருக்குத்தான். இருபது வருஷ வண்டிங்கிறதால தானா பிரேக் போடுற வசதி எல்லாம் கிடையாது, அதையும் மனசுல வச்சுக்கணும்.

சாயங்காலம் அண்ணனுக்கு போன் போட்டேன். "வண்டியோட பதினேழு இலக்க விஐஎன் நம்பர் இருக்கா? ஆறாவது, ஏழாவது என்ன?"

"இரு... ஒன்பது, ஒண்ணு."

91-னா டி6. கியர்பாக்ஸ் மாத்தின ரசீது இருக்கான்னு விக்கிறவர்கிட்ட கேட்கச் சொன்னேன். பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிட்டார். "ரசீது எல்லாம் இல்லையாம் தம்பி. ஆனா சீட் சூப்பரா இருக்கு!"

"அண்ணே, சீட் நல்லாத்தான் இருக்கும். 59-னு இருக்கிற வண்டியாப் பாருங்க, அது 2.5டி. சீட்டும் அதே சீட்தான் :-)"

தேடிட்டு இருக்கார். அப்பா அம்மா வர இன்னும் அஞ்சு வாரம் இருக்கு.